மசூதாவின் மணமாடம்

பேரீச்ச ஓலைத் துடைப்பத்தை நீளக் கழியின் நுனியில் கட்டிக்கொண்டு, மணமாடத்தின் வாசலிலேயே நின்று உள்ளே பெருக்குகிறாள் மசூதா. மாடம் அப்படியொன்றும் பெரிய இடமில்லை. கூடத்தின் ஒரு மூலையில், இருவர் படுக்கிற அளவுக்குத் திரை போட்ட சின்ன அறை. இரண்டு எட்டு உள்ளே வைத்தால் வேலை சட்டென்று முடிந்துவிடும். வைக்க மாட்டாள். கழி சுவரில் இடிக்கும், தலையணை உருளும், தூசி அவள் முகத்துக்கே திரும்பி வரும். தும்மிவிட்டு மறுபடியும் பெருக்குவாள்.

லிபியாவின் பாலைவன ஊரான கதாமிஸில் பிறந்த பெண் அந்த மாடத்துக்குள் ஆயுளில் இரண்டு முறைதான் உட்காருவாள். கல்யாண ராத்திரி ஒரு முறை. புருஷன் இறந்த பிறகு, துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு முகம் கொடுக்க ஒரு முறை. மசூதாவுக்கு முதல் முறை முடிந்து, அன்று பிறந்த பிள்ளைகளெல்லாம் இப்போது வழுக்கைத் தலையோடு திரிகிறார்கள். இரண்டாவதைப் பற்றி யாராவது விளையாட்டாகப் பேச்செடுத்தாலும் அவளுக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற ஞாபகம் வந்துவிடும்.

ஆண்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் அவள் கணவர் ஹாரூன் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நேராக மாடத்துக்குள் போய்க் காலை நீட்டிவிடுவார். பழைய ஊருக்கு வெளியே கட்டிய புது ஊரில் டயர்க் கடை வைத்திருக்கிற மனுஷர். கடையில் ரப்பர் நாற்றம், அங்கத்து வீட்டில் ஏசி இரைச்சல், மண்சுவருக்குள்தான் தூக்கம் வரும் என்பது அவர் கட்சி.

"ஊரெல்லாம் குளுகுளுன்னு எடம் கெடக்கு. படுக்கறதுக்கு வேற எடமே இல்லையா ஹாஜி?" என்று வெளியில் நின்று சத்தம் போடுவாள்.

"உன் எடத்தை யாரும் பிடிச்சிக்கிடாம பாத்துக்கறேன் புள்ள. நாளைக்கு நீ வந்து உக்காரணும்ல."

அன்று சாயங்காலம் வரைக்கும் பேச்சு வார்த்தை இருக்காது. தேநீருக்கு அவரே வேர்க்கடலை வறுத்துக் கொண்டுவந்து வைத்தால்தான் சமாதானம். இது வாரத்துக்கு ஒரு தரமாவது நடக்கும்.

எல்லாக் குடும்பத்துக்கும் புது ஊரில் சிமென்ட் வீடு உண்டு. ஆனாலும் வெயிலுக்குப் பயந்து பகலில் பழைய வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் நிறைய. மசூதா வந்தால் சும்மா இருக்க மாட்டாள். வீட்டைத் திறந்து வைத்து, வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவாள். வழிகாட்டி அவர்களை முதலில் ஊற்றுக்கும், அப்புறம் முசுக்கொட்டை மரத்துச் சதுக்கத்துக்கும், பழைய பள்ளிவாசலுக்கும் கூட்டிப்போய்விட்டு, கடைசியில் இங்கே கொண்டுவந்து விடுவான். கூரை மூடிய தெருக்களில் பகலிலும் கண் தெரியாது. ஊர்க்காரர்கள் எதிரே வருகிறவர் மீது மோதாமலிருக்கச் செருமிக்கொண்டே நடப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாததால், பாதிப்பேர் மசூதா வீட்டுக் கதவை நெற்றியால்தான் தட்டுவார்கள்.

வந்தவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது வெள்ளைச் சுவரில் சிவப்பாக வரைந்த கோலங்களை. கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் வரைந்தது. அர்த்தம் கேட்டால் மசூதா தயங்குவதே இல்லை. இத்தாலிக்காரிக்கு அது சீப்பு. மிஸ்ராத்தாவிலிருந்து வந்த ஆசிரியைக்கு அது மாமியார் கண்படாமலிருக்க வரைந்த கண். கேமரா வைத்திருந்த ஒருவருக்கு அது ஒட்டகத்தின் மூக்கு. வழிகாட்டி தலையில் அடித்துக்கொள்வான். "அவ்வளவு தூரத்திலேருந்து வராங்க. வெறுங்கையோடவா அனுப்பறது?" என்பாள். மாடத்தைப் பற்றி மட்டும் அவள் கதை கட்டுவதில்லை. "கல்யாணத்துக்கு" என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டு, "மேல மொட்டை மாடி பாக்கலாம், வாங்க" என்று ஆளைக் கிளப்பிவிடுவாள்.

ஹாரூனுக்கு நெஞ்சு வலி வந்தது டயர் கழற்றும்போது. இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, திரிப்போலிக்குப் போய் ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் யூனுஸ் கார் எடுத்து வந்தான். மசூதா துணிமணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எதுக்கு? நீ வந்தா டாக்டரை ஊசி எடுக்க விடமாட்டே. வீட்டைப் பாத்துக்க" என்றார் ஹாரூன். அவள் அழுவதைப் பார்த்தால் தன் தைரியம் போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே.

ஸ்டென்ட் வைக்கிற அன்று காலை யூனுஸ் திரிப்போலியிலிருந்து போன் செய்தான். "உள்ள கொண்டுபோயிட்டாங்க உம்மா. முடிஞ்சதும் கூப்பிடறேன்."

வழிகாட்டி ஆறு பேரோடு வந்தான். "இன்னிக்கு வீடு பூட்டு" என்று திறந்த கதவின் நடுவில் நின்றுகொண்டு சொன்னாள். அவர்கள் போனதும் பித்தளைக் குடங்களைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். போன் அசையாமல் கிடந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பெண்ணுக்கு இரண்டு முறைதானே? அந்த இரண்டாவதை இப்போதே, அவர் உயிரோடு இருக்கும்போதே, உட்கார்ந்து தீர்த்துவிட்டால்? கணக்கு முடிந்துவிடும். அப்புறம் மரணம் வந்து வாசலில் நின்றாலும், "அவ உக்காந்து எந்திரிச்சிட்டா, போ" என்று சொல்லிவிடலாம். படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவளுக்கு அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள வேறு கொம்பு இல்லை. திரையை விலக்கி, குனிந்து உள்ளே போனாள். மெத்தையில் ஹாரூனின் தலை அழுந்தி அழுந்திக் குழி விழுந்திருந்தது. அதில் கை படாமல் நடுவில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

பக்கத்து வீட்டு சாலிஹா மொட்டை மாடி வழியாகத்தான் வருவாள். தெரு ஆண்களுடையது, மாடி பெண்களுடையது, இது ஊர் வழக்கம். சூடு ரொட்டி எடுத்துக்கொண்டு, "போன் வந்துச்சாக்கா?" என்று கேட்டபடி படியிறங்கியவள், மாடத்துக்குள் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த மசூதாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ரொட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு மேலே ஓடினாள்.

மாடியில் போன செய்திக்குக் கால் தேவையில்லை. ஒரு சுவரைத் தாண்டினால் இன்னொரு வீடு. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு முழுக்கப் பெண்கள். கோதுமைக் குருணையில் செய்த கூஸ்கூஸ் தாம்பாளம், ஒட்டகக் கறிச் சட்டி, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வந்திருந்தார்கள். சாலிஹா வந்த வேகத்தில் மாடத்து வாசலில் விழுந்து அழுதாள்.

"நல்ல மனுஷன். என் வீட்டு கேஸ் சிலிண்டரைக்கூட அவருதான் மாட்டித் தருவாரு. இப்படிப் போயிட்டாரே."

மசூதா முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். "யாருடி போனது?"

"ஹாஜி..."

"வாயைக் கழுவு. அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு."

"பின்ன நீ ஏன் உள்ள உக்காந்திருக்கே?"

மசூதா சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது, குரல் இறங்கிக்கொண்டே போனது. கூட்டத்தில் மூத்தவளான நஃபீஸா இடுப்பில் கை வைத்தாள். "அல்லாஹ்கிட்டயே கள்ளக் கணக்குக் காட்டறியா நீ?" யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு ஒவ்வொருத்தியாகத் தொற்றி, அழுத கண்ணோடு எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் நினைவு வந்து சாலிஹா பதறினாள். பள்ளிவாசலில் மரண அறிவிப்புச் சொல்லத் தன் புருஷனை அவள் அனுப்பியிருந்தாள். யார் யாரோ யூனுஸுக்குப் போன் போட்டுத் துக்கமும் விசாரித்துவிட்டார்கள். ஒருத்தி மாடியேறிக் கத்தி, அந்த மனிதரைப் பாதி வழியில் திருப்பினாள்.

சமாதானமானதும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போன் இன்னும் வரவில்லையே. தாம்பாளங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சாப்பிடவும் கை போகவில்லை. மசூதா மாடத்தை விட்டு வெளியே வரவில்லை. பாதியில் எழுந்தால் கணக்கு செல்லுமோ செல்லாதோ என்று அவளுக்குப் பயம். "எந்திரிடி" என்று இப்போது நஃபீஸாவும் சொல்லவில்லை.

போன் அடித்தது. மசூதா அதைச் சாலிஹா பக்கம் தள்ளிவிட்டாள். சாலிஹா எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு போனை மசூதாவின் காதில் கொண்டுபோய் வைத்தாள்.

"நான் மவுத்தாயிட்டேனாமே" என்றது ஹாரூனின் குரல். மெலிந்திருந்தது, ஆனால் அவர் குரல்தான். "யூனுஸு போனு அடிச்சு மாளல. நல்லபடியா முடிஞ்சிருச்சின்னு டாக்டர் சொல்றாரு. அதைக் கேக்க அங்க ஆளு இருக்கா, இல்ல அடக்கம் பண்ணிட்டீங்களா?"

மசூதாவுக்குக் கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"மசூதா? இருக்கியா?"

"ம்."

"என்ன சமைச்சு எடுத்துட்டு வந்தாங்க?"

"கூஸ்கூஸ். ஒட்டகக் கறி."

"எனக்கு எடுத்து வைக்காதே, கெட்டுப்போயிரும். நான் வர வெள்ளிக்கிழமை ஆகும்" என்றார். அப்புறம் ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றியும், பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையைப் பற்றியும் ஒவ்வொன்றாகக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே மசூதா சுவரோரமாக நகர்ந்து, மெத்தையில் பக்கத்தில் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டாள்.