அவர் கொப்பியில் என் எழுத்து

சந்தையில் ஒரு தக்காளியைக்கூட நான் அமுக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. நாவுலயிலிருந்து வருகிற வியாபாரி நல்ல கத்தரிக்காயை மேலேயும் சொத்தையைக் கீழேயும் அடுக்கி வைத்திருந்தால், கூடைக்குள் கையை விட்டு அடியிலிருந்து எடுத்துக் காட்டுகிற ஆள் நான். என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வர வேண்டும் என்று ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரோடுதான் முதன்முதலாகப் போனில் ஏலம் கேட்கப் போனேன்.

வாங்க நினைத்தது என் கணவருக்கு ஒரு குரல். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மாத்தளை – நாவுல பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஊர் பெயரைக் கத்திக் கத்தி ஆளேற்றிய மனிதர் அவர். இப்போது என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவார். மற்றதையெல்லாம் ஒரு கொப்பியில் பென்சிலால் எழுதிக் காட்டுவார். கட்டாரில் இருக்கும் மகள் போன் எடுத்தால் அவள்தான் பேசுவாள். இவர் நகத்தால் போனைத் தட்டுவார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. அப்பாவும் மகளும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், எனக்குப் பார்க்கவே பொறுக்காது.

கிளினிக்கில் ஒருநாள் டோர்ச் லைட் அளவில் ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். அதைக் கழுத்தில் வைத்து அழுத்தி வாயை அசைத்தால் பேச்சு வரும். இவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். "வீட்டுக்குப் போவோம்" என்றார். மெஷின் குரல்தான், ஏற்றமும் இறக்கமும் இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். புதிதாக வாங்க எங்களுக்கு வழியில்லை. பாவித்த கருவி இணைய ஏலத்தில் சிலநேரம் வரும் என்று அங்கே வந்திருந்த ஒருவர் சொன்னார்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஏலத்தில் துணி எடுத்து அலுவிகாரைச் சுற்றுவட்டாரத்தில் விற்கிறவள். அவள்தான் எனக்குப் பாடம் நடத்தினாள். முன்னால் வாங்கினவர்கள் விற்பவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க வேண்டும். சாமான் வேலை செய்வதை வீடியோவில் காட்டச் சொல்ல வேண்டும். காசை ஏலத் தளத்தின் வழியாக மட்டுமே கட்ட வேண்டும், சாமான் நம் கைக்கு வரும்வரை அவர்கள் அதை வைத்திருப்பார்கள். "தளத்துக்கு வெளிய வாங்க, நேரா பேசிக்கலாம்னு யாரு கூப்பிட்டாலும் போயிராதீங்க அக்கா" என்று இரண்டு தரம் சொன்னாள். நான் தலையாட்டினேன். இவர் ஒன்றுவிடாமல் கொப்பியில் எழுதிக்கொண்டார். பரீட்சையா எழுதப் போறீங்க என்று நான் கேலி செய்தேன்.

அப்படியே ஒரு கருவி ஏலத்துக்கு வந்தது. கடைசி நிமிடம்வரை போட்டி போட்டேன், யாரோ என்னைத் தாண்டிக் கேட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், போன் வந்தது. கருவியை ஏலத்தில் போட்டவன் பேசுவதாகச் சொன்னான். விற்பவரிடம் சந்தேகம் கேட்டு எழுதியபோது என் நம்பரையும் போட்டிருந்தேன், அதுவே முதல் தப்பு. ஏலத்தில் எடுத்தவர் பின்வாங்கிவிட்டார், அடுத்தது நீங்கள்தான் என்றான். இவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவன் பேசியது எங்கள் மலையகத் தமிழ்.

"அக்கா எந்தத் தோட்டம்?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை எங்கள் ஆட்கள் யாரிடம் கேட்டாலும் அரை உறவு ஆகிவிடும். நான் அம்மா பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அதில் மேல் பிரிவு, மேல் டிவிசன் என்றும் சொன்னேன்.

"அட, நாங்க கீழ் டிவிசன்க்கா" என்றான்.

அவ்வளவுதான், நான் உருகிவிட்டேன். கோயில் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று நானே சொல்லிக்கொண்டு போனேன், அவன் ஆமாக்கா ஆமாக்கா என்றான். தளத்தின் வழியாகப் போனால் கமிஷன் பிடிப்பார்கள், நம்ம ஆளுக்குள் எதற்கு, இன்றைக்கே வங்கியில் போட்டால் நாளைக்குப் பார்சல் அனுப்புகிறேன் என்றான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வேகமாக எழுதி, கொப்பியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பேசிக்கொண்டிருக்கிறேன் தெரியவில்லையா என்று எரிச்சலோடு கையால் தள்ளினேன். மறுபடி எழுதி நீட்டினார். அந்தநேரம் அவன் கணக்கு இலக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இவர் கையிலிருந்து பென்சிலையும் கொப்பியையும் பிடுங்கி இலக்கத்தை எழுதினேன்.

வங்கி மூடுவதற்குள் போக வேண்டும். கொப்பியோடு ஓடிப்போய் திரீவீலரில் ஏறினேன். பின்னால் இவர் கை தட்டும் சத்தம் கேட்டது. விடாமல் தட்டினார். சந்தோஷத்தில் தட்டுகிறார் என்று நினைத்து, வந்து சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன். வீட்டில் இருந்த ஒரே போனும் என்னிடம்தான். வங்கியில் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் இலக்கத்தை எழுதினேன். பக்கம் முழுக்க அவர் எழுத்து கிறுக்கலாக இருந்தது. அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், தண்ணி, மருந்து, ஜன்னலைச் சாத்து என்று. நான் இலக்கத்தை மட்டும் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் காசு போட்டாச்சு என்றேன்.  அவர் கொப்பியை வாங்கி, புதுப் பக்கம் திருப்பி, தேத்தண்ணி என்று எழுதினார்.

பார்சல் வரவில்லை. அந்த நம்பர் மறுநாளே வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள், பிறகு பொலிஸுக்குப் போகச் சொன்னாள். இவரும் கூட வந்தார்.

முறைப்பாட்டை எழுதிய உத்தியோகத்தர் சிங்களவர், நிதானமானவர். கணக்கு இலக்கம் எங்கே என்று கேட்டார். கொப்பியை விரித்து வைத்தேன். இலக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, அதன் மேலே இருந்த தமிழ் எழுத்தில் பேனாவை வைத்தார். இதுவும் அந்த ஆள் சொன்னதா, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

அப்போதுதான் நான் வாசித்தேன்.

வீடியோ கேள். அதற்குக் கீழே, எல்லாத் தோட்டத்திலும் கீழ் டிவிசன் இருக்கு. அதற்கும் கீழே, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, அனுப்பாதே. அந்தக் கடைசிச் சொல்லின் மேலேதான் நான் இலக்கத்தை எழுதியிருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவருக்காகப் பேச அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? மூன்று வரியையும் சிங்களத்தில் சொன்னேன். யார் எழுதியது என்று கேட்டார். இவரைக் காட்டினேன். காசு போடுவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டார்.

"முன்னாடி" என்றேன்.

பக்கத்தில் இருந்த இவர் மேசையை நகத்தால் ஒரு தடவை தட்டினார்.