தங்கையின் கடைவாய்ப் பல்

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த பல் மருத்துவமனையில் பதினோரு வருடமாக எக்ஸ்ரே எடுத்தவளை எல்லோரும் படக்கா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட சென்சாரை நாக்குக்கும் பல்லுக்கும் நடுவில் செருகி, "கடிங்க, ஆடாதீங்க, மூக்கால மூச்சு விடுங்க" என்பாள். வெளியே போய்ப் பொத்தானை அமுக்குவாள். மறு நொடி கம்ப்யூட்டரில் பல் வந்து நிற்கும். குமட்டல்காரர்களைக்கூடப் பேச்சுக் கொடுத்தே சமாளித்துவிடுவாள். கெட்டிக்காரிதான், இல்லை என்று யார் சொன்னது?

ஆனால் டாக்டர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது அதற்காக இல்லை. படத்தின் ஓரத்தில் ஒரு கோடு இருக்கும். அதை மவுஸால் இந்தப் பக்கம் இழுத்தால் படம் வெளுக்கும், அந்தப் பக்கம் இழுத்தால் கறுக்கும். எக்ஸ்ரேயில் சொத்தை கறுப்பாகத்தான் தெரியும். கொஞ்சம் கறுக்க விட்டால் நல்ல பல்லின் இடுக்குகூடச் சொத்தை மாதிரி ஆகிவிடும். "கொஞ்சம் அழுத்தமா வைம்மா" என்பார் டாக்டர். அவ்வளவுதான். நாற்காலியில் மல்லாந்து கிடப்பவருக்கு என்ன தெரியும், பாவம்! "ஐயோ, இவ்வளவு மோசமா?" என்று படக்காவைப் பார்ப்பார். "நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்பாள் இந்த மகராசி. முதல் வருடம் நெஞ்சு உறுத்தியது. அப்புறம் பழகிவிட்டது.

வெளியே யாரிடமும் மூச்சு விட்டதில்லை. நாலு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்த தங்கையிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பாள். தங்கை வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும், அவற்றோடேயே பேசுவாள்.

"பாவம்க்கா. என்னைக்காவது உன்னை யாராவது பிடிச்சு உதைக்கப் போறாங்க."

"நான் என்ன டாக்டரா? சொன்னதைச் செய்யறேன். நீ மட்டும் எங்க இடத்துப் பக்கம் வந்துடாத தாயே!"

தங்கைக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தபோது அதனால்தான் அவள் தன் கணவனின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் போனாள். வேருக்கடியில் சீழ் கோத்திருக்கிறது, இந்த வாரமே வேர் சிகிச்சை செய்யவேண்டும், தள்ளிப் போடக்கூடாது என்றார் அவர். தங்கை எக்ஸ்ரேயைப் போனில் அக்காவுக்கு அனுப்பி, "நீ என்ன சொல்றே?" என்று கேட்டாள்.

படக்கா அப்போது சாப்பாட்டு இடைவேளையில் இருந்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். வேர் நுனியில் பயறு அளவுக்கு ஒரு கறுப்பு. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் படத்தை வெளுக்க வைத்தாள். கறுப்பு மங்கியது, இன்னும் இழுத்ததும் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அதைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போன் போட்டாள்.

"பாத்தியா? ஒண்ணுமே இல்ல. அங்கயும் ஒரு படக்கா இருக்கா, அவ்வளவுதான். வலி மாத்திரை போட்டுட்டு உப்புத் தண்ணியில கொப்பளி."

தங்கை கணவன் போனை வாங்கினான். "அக்கா, எதுக்கும் இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"காட்டுங்க, அவரும் அழுத்தமா வெச்சுக் காட்டுவாரு! பதினோரு வருஷமா இதைத்தானே பாக்கறேன்?"

அவன் மாத்திரை வாங்கக் கடைக்குப் போனான். மூன்றாம் நாள் கன்னம் வீங்கியது. வீங்கத்தான் செய்யும், வடிந்துவிடும் என்றாள் படக்கா. ஆறாம் நாள் காலையில் தங்கைக்கு வாய் திறக்கவில்லை. எச்சில் இறங்கவில்லை. வீக்கம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கி, மூச்சு கீச்சுக் கீச்சென்றது. பெரிய ஆஸ்பத்திரியில் தாடைக்கடியில் கீறிச் சீழை வடித்தார்கள். மூச்சு விடத் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, டாக்டரைக் கேளுங்கள் என்றாள் நர்ஸ்.

நடைவழியில் உட்கார்ந்து படக்கா அதே படத்தை எடுத்தாள். இழுத்தாள், கறுப்பு போயிற்று. திருப்பி இழுத்தாள், வந்தது. எந்தப் படத்தை வெளுக்க வைத்தாலும் கறுப்பு போகத்தானே செய்யும், பாவி! நிஜச் சீழும் போகும். நிழலை வரவழைக்கவும் விரட்டவும் கற்றுக்கொண்டாளே தவிர, எது நிஜம் என்று பார்க்க அவள் ஒருநாளும் மெனக்கெட்டதில்லை. தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டாள். செருப்பால் அடித்தது போலிருந்தது. தலையிலும் வாயிலும் அடித்துக்கொண்டு அழுதாள்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரி டாக்டர் புது எக்ஸ்ரே ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்துப் பல்லுக்குக் கீழும் சந்தேகமாக இருக்கிறது, அந்தப் பல்லை எடுத்துவிடலாமா என்று யோசித்துச் சொல்லுங்கள் என்று படத்தைத் தங்கை கையில் கொடுத்தார்.

படக்கா பழக்கத்தில் குனிந்து கை நீட்டினாள். தங்கை ஊசி குத்திய கையால் அந்தக் கையை விலக்கினாள். கோபமாகக்கூட இல்லை. படத்தைக் கணவன் பக்கம் தள்ளினாள்.

"நீங்க பாருங்க." குரல் பாதி காற்றாக வந்தது.

பல் எது, வேர் எது என்று தெரியாத மனுஷன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விழித்தான். "எனக்கு ஒண்ணும் புரியலையே. அக்காவே பாக்கட்டுமே?"

"புரியலேன்னா பரவாயில்ல. நீங்களே பாருங்க."