பாய் கடைக் கடனை முழுசாக அடைத்தேன்

சம்பள நாளில் கடன்காரரைப் பார்த்து இங்கே யாரும் ஒளிவதில்லை. வந்த புதிதில் எனக்கு அது விளங்கவில்லை. கீழே ரிங்லெட் டவுனில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், சம்பளத்தன்று தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் வீட்டுக்கொரு அட்டை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அதில்தான் ஏறும். பெண்கள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நேரே அவரிடம் போவார்கள். கொஞ்சம் கொடுத்து, மீதியை நிறுத்திவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள்.

துறையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கடன் அப்படியில்லை. கிணறு வெட்ட அப்பா வாங்கிய பணத்துக்கு வட்டிக்காரர் சைக்கிளில் வருவார். இறங்க மாட்டார். ஒரு காலை ஊன்றிக்கொண்டு மணியை அடித்துக்கொண்டே இருப்பார். தெருவே எட்டிப் பார்க்கும். அம்மா மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொள்வாள். எழுபதுகளில் கல்யாணமாகிக் கப்பலேறி இந்த மலேசிய மலைக்கு வந்தபோது அந்த மணிச்சத்தமும் கூடவே வந்தது. எங்கள் அட்டையில் மாமனார் காலத்துப் பாக்கியும் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்தெடுக்கப் போனேன். பனியில் விரல் மரத்துப்போகும். வீட்டில் சொல்லாமல் மைலோ டின்னில் காசு சேர்த்தேன். சேர்ந்ததும் லோரியில் ஏறி ரிங்லெட் போய், பாய் முன்னால் வைத்தேன்.

பாய் இரண்டு தரம் எண்ணினார். அட்டையைக் கிழித்துப் போட்டார். அவர் முகம் வாடிவிட்டது.

"கப்பல் எப்ப தங்கச்சி?"

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். அவர் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "காசு வேணாம். கப்பல்ல கொமட்டுனா நாக்குல வச்சுக்க."

நிம்மதியாக வீடு வந்தேன். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா வந்து எங்கள் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கோழிய யாருக்கும் வாக்குக் குடுத்துடாத. நான் எடுத்துக்கிறேன்" என்றாள். அடுத்து கங்காணி வந்தார். "வீட்ட எப்ப காலி பண்றீங்கன்னு ஆபீஸ் கணக்கெழுதற கிராணி கேட்டாரு. ரெண்டு குடும்பம் காத்திருக்கு லா. நாளைக்கு வேலை பெர்மிட்டுக்குப் பேரு அனுப்பறாங்க, ஒன் புருஷன் முனியாண்டி பேர எடுத்துடச் சொல்லவா?"

என் வீட்டுக்காரருடைய ஐசி, அடையாள அட்டை, சிவப்பு நிறம். குடியுரிமை இல்லை. அந்த மாதிரி ஆட்கள் பெர்மிட் கிடைக்காமல் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். போகிறவர்கள்தான் கடையில் முழுக்கணக்கும் தீர்ப்பார்கள். இருக்கிறவர்கள் தீர்க்க மாட்டார்கள். இது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது.

"என்னா செஞ்சிட்டு வந்த?" என்றார் வீட்டுக்காரர்.

"கடன அடைச்சேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"அஞ்சு வெள்ளியாச்சும் வச்சிட்டு வரக்கூடாதா, புள்ள?"

பேர் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு. இங்கேயே பிறந்த மனிதர் அவர். விடிந்ததும் முதல் லோரியில் ஓடினேன். பாய் அப்போதுதான் பலகையைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஒரு மூட்டை அரிசி குடுங்க பாய். கடனுக்கு."

பாய் என்னை உற்றுப் பார்த்தார். "அப்ப போகலயா?"

"போகல."

"அடி பைத்தியக்காரி! ஊறுகா?"

"பாதி தின்னாச்சு."

"அதையும் சேத்து எழுதறேன் லா." புது அட்டை எடுத்தார். அதற்குள் மேலே திரும்பப் போகிற லோரியைப் பார்த்துக் கத்தினார். "ஏ டிரைவர்! முனியாண்டி வீடு எங்கயும் போகலன்னு கிராணிகிட்ட சொல்லிடு, மொதல்ல!"

நான் மூட்டையோடு மேலே வந்து சேருமுன் செய்தி வந்துவிட்டது. பேர் பட்டியலில் நின்றது. பாக்கியம் அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு பாய் கடையில் எந்த மாதமும் கொஞ்சம் நிறுத்தித்தான் கொடுப்பேன். பாய் இப்போது இல்லை. அந்த மாதிரிக் கடன்காரர் இனி கிடைக்கமாட்டார்.

போன வருடம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குக் காப்பி போடச் சர்க்கரை இல்லை. தெருமுனைக் கடைக்குப் போனேன். காசு எடுத்துப்போக மறந்துவிட்டது. "எழுதிக்கங்க, அப்புறம் தரேன்" என்றேன், ரிங்லெட்டில் சொல்கிற மாதிரியே. கடைக்காரர் எனக்கு இளையவர். என் புடவையையும் செருப்பையும் பார்த்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"வெளியூர்க்காரங்களுக்குக் கடன் இல்லீங்களே."

சர்க்கரைப் பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிட்டு, நான் பிறந்த தெருவில் நடந்தேன்.