பலகை சொன்ன ஊர்

மாமாவின் கடைப் பலகை இன்றும் பாரிசின் ரூ காய் தெருவில் தொங்குகிறது. நீலத்தில் வெள்ளை எழுத்து. யாழ்ப்பாணத்துக் கடையை இழுத்து மூடியபோது கழற்றி, பொதிகளோடு பொதியாகப் பாரிசுக்குக் கொண்டுவந்தது. கடைப் பெயருக்குக் கீழே ‘பெரிய கடை, யாழ்ப்பாணம்’ என்ற பழைய முகவரி அப்படியே இருக்கும். அதையாவது அழியுங்கள் என்று நான் சொன்னேன். மாமா கேட்கவில்லை. அவர் எவர் சொல்லியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவருடைய மகள், என் மச்சாள், பிடிவாதத்தில் தகப்பனை உரித்து வைத்தவள். கடையிலும் நின்றுகொண்டு சென் தெனி பல்கலைக்கழகத்தில் பழைய எகிப்தைப் படித்தாள். இஸ்ரயேலர் அடிமைகளாக இருந்து கட்டியதாக வேதாகமம் சொல்லும் இராம்சேசு நகரம் எங்கே இருந்தது என்பதுதான் அவளுடைய ஆய்வு. தானிஸ் என்ற இடத்தில் இராம்சேசு மன்னனின் பெயர் வெட்டிய கற்கள் குவிந்து கிடந்ததால், அதுதான் அந்த நகரம் என்று முன்னைய அறிஞர் பலர் நம்பினார்கள். உண்மையில் நகரம் இருந்தது தெற்கே, கந்தீர் என்ற ஊர்ப்பக்கம். நைல் ஆற்றின் கிளை தூர்ந்துபோக, பின்வந்தவர்கள் அங்கிருந்த கற்களைப் பெயர்த்துத் தானிசுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அறிஞர்கள் அந்தப் பிழையை எப்படி விட்டார்கள், எப்படித் திருத்தினார்கள் என்று அவள் எழுதினாள்.

மாமாவின் காதில் இதில் பாதிதான் விழுந்தது. “வேதத்திலை இருக்கிற ஊரை இல்லையெண்டு எழுதப் போறாளாம். இதுக்கோ இவளைப் படிப்பிச்சனான்?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குறைப்பட்டார். மகளோடு பேச்சையும் நிறுத்திவிட்டார்.

“பட்டம் கிடைக்காட்டிலும் பரவாயில்லை மச்சான். அப்பாவுக்கு விளங்கவேணும்” என்றாள் அவள்.

வாய்மொழித் தேர்வுக்கு மாமாவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று இருந்தார். மன்னனின் பெயர் தானிசில் கிடக்க, நகரம் அங்கே இல்லை என்பதை எப்படி நம்புவது என்று ஒரு பேராசிரியர் மடக்கினார். மச்சாள் அசரவில்லை. திரையில் ஒரு படத்தைப் போட்டாள். மாமாவின் பலகை! நாளைக்கு யாராவது ரூ காயைத் தோண்டி இதை எடுத்தால், யாழ்ப்பாணம் பாரிசில்தான் இருந்தது என்பார்கள், இதைக் கொண்டுவந்தவர் அதோ இருக்கிறார் என்று பிரெஞ்சில் சொல்லிக் கைகாட்டினாள். மண்டபமே சிரித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது.

மாமாவின் பிரெஞ்சு கடை வாசலைத் தாண்டாது. “என்னடா, என்னைப் பாத்துச் சிரிக்கினம்?” என்றார். அவள் சொன்னதைக் காதுக்குள் சொன்னேன். யோசித்தார்.

“அப்ப, ஊர் இருந்தது மெய்தானே?”

“ஓம் மாமா. யாழ்ப்பாணம் மாதிரி மெய். பலகைதான் இடம் மாறினது.”

மாமா கட்டியிருந்த கையை எடுத்தார். அவள் சித்தியடைந்ததை அறிவித்தபோது முதலில் எழுந்து கைதட்டியவர் அவர்தான்.

அந்தக் கிழமை பாரிசுக்கு வெளியே பொண்டியில் எங்கள் வீட்டில் செபக்கூட்டம். வேதாகமத்தின் விடுதலைப் பயண நூலில் முதல் அதிகாரத்தை மாமாவே தெரிந்தெடுத்து வாசித்தார். வேத வாசகத்தில் சொந்தமாக ஒரு சொல் சேர்த்தாலும் எங்களை அதட்டுகிற மனிதர். இராம்சேசு என்ற பெயர் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

“இந்த ஊர் எங்கை இருந்ததெண்டு என்ரை மகளைக் கேளுங்கோ” என்றார்.