எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை

அந்துருண்டை வாசமும் தகரத்தின் துரு வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அம்மா சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த பிஸ்கட் தகரத்துக்குள்தான் அவளுடைய பாஸ்போர்ட்டும், இந்தியாவில் இன்னும் ஒரு வருடம் தங்கிக்கொள்ளலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்த தாள்களும் இருந்தன. அந்தத் தகரம் பீரோவின் மேல்தட்டிலிருந்து இறங்கினால் "ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காக" என்று அர்த்தம். அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். அப்பா மட்டும் பளபளவென்று இருக்கும் சைக்கிளை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருப்பார்.

அம்மா பிறந்தது கண்டியில். அப்பாவின் அக்காவை, பேரையூர்ப் பக்கத்திலிருந்து சிலோனுக்குக் கடை வைக்கப் போன ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த அக்காவின் மகளைத்தான், தாய்மாமன் என்கிற உரிமையில், அப்பா கட்டிக்கொண்டார். கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடித்தனம். அப்பாவுக்கு அங்கேயே சைக்கிள் கடை. கல்யாணமாகி, நான் பிறந்து, எழுபதுகளின் கடைசியில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அரசாங்கத்துக்கு அம்மா வெளிநாட்டுக்காரிதான். "பக்கத்து வீட்டுப் பூனை அதும்பாட்டுக்கு வந்து படுத்துக்கிருது, அதுக்கு ஒரு பர்மிட்டும் வேணாம். எம் பொண்டாட்டிக்கு வேணுமாம்" என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது, இந்த வருடாந்தர அலைச்சல் தீரட்டும் என்று அம்மாவின் பெயரில் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார்கள். "விசாரணைக்கு ஆள் வரும், பதில் பதவிசாச் சொல்லணும்" என்று அப்பா அம்மாவுக்குப் பாடம் நடத்தினார். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையிடம் யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் என்னிடம்தான் கேட்டார்கள். அம்மா ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தாள். நான் பக்கத்து வீட்டுச் சைனம்பு அத்தை வாசலில் தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தி, பூட்டைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இந்த வீட்ல வெள்ளையம்மாள்னு யாரும் குடியிருக்காகளா?"

"இல்லையே. இது எங்க வீடு. எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல."

சத்தம் கேட்டு வெளியே வந்த சைனம்பு அத்தையும், தலையில் முக்காட்டை இழுத்து விட்டபடி, அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்னார். எதிர்வீட்டிலும் அதையே சொன்னார்கள். அவர் ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். பெரியவர்களைப் போலத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்ட பெருமையில் நான் ஐந்து கல்லையும் ஒரே வீச்சில் அள்ளினேன்.

நாங்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தெருவுக்கு அவள் "கண்டியக்கா", அப்பாவுக்கு "ஏ கண்டி", கடைக்காரர்களுக்கு "கண்டியம்மா". பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரை மட்டும்தான் கேட்டு எழுதினார்கள். ரேஷன் கார்டின் மேலேயும் அப்பா பெயர்தான். அம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவளுக்கு இன்னொரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பத்துப் பதினைந்து நாளில் பழுப்பு உறையில் ஒரு கடிதம் வந்தது. அப்பா எழுத்துக் கூட்டி வாசித்தார். வெள்ளையம்மாள் என்பவர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை என்று விசாரணையில் தெரியவருவதால், நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். தவறினால் தங்குவதற்கான அனுமதி நீட்டிக்கப்படாது. அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் இங்கனதான இருக்கேன். இல்லேன்னு எந்தப் பாவி சொன்னது? என்னைக் கப்பலேத்திருவாகளா?" என்று அழுதாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அம்மாவைக் கெடுத்துவிட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. ராமேஸ்வரம் எவ்வளவு தூரம், கப்பல் எந்தெந்தக் கிழமை போகும் என்று சைனம்பு அத்தையின் மகனிடம் விசாரித்துவைத்துக்கொண்டேன். கிளம்புகிற அன்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடாமலிருப்பது என் திட்டம்.

ஆபீசுக்குப் போன நாளில் என்னையும் கூட்டிப்போனார்கள். "பிள்ளையக் கண்டா மனசு இளகும்" என்பது சைனம்பு அத்தையின் யோசனை. ஓட்டுக்கூரை போட்ட நீளமான கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம், அதன் நிழலில் எங்களைப் போலவே தகரப்பெட்டியும் துணிப்பையுமாக ஆட்கள். பர்மாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் தாள்களை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்திருந்த எல்லோரும், தாங்கள் யார் என்பதை அடுத்தவர் நம்ப வேண்டுமே என்கிற ஒரே கவலையில் இருந்தார்கள். பியூன் வாசலில் நின்று, "வெள்ளையம்மாள்! வெள்ளையம்மாள் இருக்கா?" என்று கத்தினார். அம்மா சடக்கென்று எழுந்து, சேலையை நீவிவிட்டு, "இருக்கேன்யா" என்றாள். அவ்வளவு கவலையிலும் அவள் நிமிர்ந்து நடந்துபோனது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதிகாரிக்குத் தலை நரைத்திருந்தது. ஃபைலைப் புரட்டிவிட்டு அப்பாவிடம், "உங்க சம்சாரம் பேரைச் சொல்லுங்க" என்றார். அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். கையைப் பிசைந்தார். அதிகாரி இரண்டாவது முறை கேட்ட பிறகுதான், மிக மெதுவாக, "வெள்ளையம்மா" என்றார்.

"இவ்வளவு யோசிக்கணுமா?"

"எங்க ஆத்தா பேரு சார். எங்கக்கா அது மகளுக்கு ஆத்தா பேர வச்சிருச்சு. பெத்த தாய் பேரச் சொல்லிப் பொண்டாட்டிய ஏ, வாடி, போடின்னு கூப்பிட முடியுங்களா? அதான் வந்த நாள்லருந்து கண்டின்னே கூப்பிட்டுட்டோம். தெருவும் அப்படியே பழகிருச்சு."

"நீங்க சொல்றது இருக்கட்டும். இதுல வேற மாதிரி இருக்கே" என்று அதிகாரி ஃபைலில் விரலை வைத்து வாசித்தார். அக்கம்பக்கத்தார் எவரும் அறியவில்லை. அந்த வீட்டைச் சேர்ந்த சிறுமியே, தங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று கூறினாள்.

எங்கள் வீட்டில் சிறுமி நான் ஒருத்திதான். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. "நான்தான் சொன்னேன். அம்மா பேரு எனக்குத் தெரியாது. தெரியாமத்தேன் சொன்னேன். அம்மாவ அனுப்பிராதீக" என்று தேம்பினேன்.

பக்கத்து மேசைக் குமாஸ்தா சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எனக்கு எங்க பாட்டனார் பேரு. புருசன் பேருங்கறதால எங்க அப்பத்தா சாகுறவரைக்கும் என்னைப் 'பெரியவனே'ன்னுதான் கூப்பிட்டுச்சு. எனக்குப் புரியுது. ஆனா எனக்குப் புரிஞ்சதை ஃபைல்ல எழுத முடியாது. அன்னைக்கு இல்லேன்னு சொன்ன ஆள் ஒருத்தராச்சும் இன்னைக்கு வந்து, இவங்கதான் அவங்கன்னு கையெழுத்துப் போடணும். நாலு மணிக்குள்ள கூட்டிட்டு வாங்க" என்றார்.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். நானும் அம்மாவும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு, "கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்குடி கோவம்? உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா, நீ தெரிஞ்சுக்கிறதுக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க, ஒரு தடவ சொல்லு, கேப்போம்" என்றாள்.

"வெள்ளையம்மா."

"இன்னொருக்கா."

மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கண்டியில பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளும் இந்தப் பேரச் சொல்லித்தேன் கூப்பிடும். கப்பல்லருந்து இறங்குனப்புறம் இந்த ஆபீஸ்ல மட்டுந்தேன் கூப்பிடுறாக" என்றாள். அவள் ஏன் அப்படி நிமிர்ந்து நடந்தாள் என்பது எனக்கு விளங்கியது. அவளைத் துரத்திவிடுமோ என்று நாங்கள் பயந்த இடத்தில்தான், வருடத்தில் ஒரு நாள், அவள் அவளாக இருந்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

மூன்றரை மணிக்குச் சைனம்பு அத்தை வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, புருஷனோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். உள்ளே போனவர் அதிகாரியை விட்டுவிட்டு அம்மாவிடம் சண்டைக்குப் போனார். "யா அல்லா! இம்புட்டு வருசமாச் சுவத்துக்குச் சுவரு இருக்கோம். நோம்புக் கஞ்சி குடுத்துருக்கேன், எம் பிரசவத்துக்கு நீ ராப்பகலாக் கெடந்துருக்க. பேரு என்னன்னு நானும் கேக்கல, நீயும் சொல்லல. நல்லாருக்கா இது?" பிறகு அதிகாரியிடம் திரும்பி, "அன்னைக்குச் சொன்னதும் நெசந்தேன், இன்னைக்குச் சொல்றதும் நெசந்தேன்" என்று சொல்லி, கையெழுத்துப் போடத் தெரியாததால் பெருவிரலை மையில் அழுத்தினார். அதிகாரி குமாஸ்தாவைக் கூப்பிட்டு, "வெள்ளையம்மாள் என்கிற கண்டியம்மாள்" என்று எழுதச் சொன்னார்.

சில மாதங்களில் குடியுரிமை கிடைத்தது. அப்பா தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். அதற்குப் பிறகு தகரம் மேல்தட்டிலிருந்து இறங்கவில்லை. ஆபீசிலிருந்து அழைப்பும் வரவில்லை. அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை. தாயைப் பெயர் சொல்லி அழைக்கும் துணிச்சல் எனக்கும் வரவில்லை.

அந்த ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை, வேப்பமரமும் இல்லை. என் மகள் பாஸ்போர்ட்டுக்குப் போனபோது கூடப் போயிருந்தேன். நேரத்தைச் செல்போனிலேயே குறித்துக்கொள்கிறார்கள். பெயர் சொல்லிக் கத்துகிற பியூன் கிடையாது, திரையில் எண் விழுகிறது. படிவத்தில் தாயின் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தது. என் மகள் யோசிக்காமல் என் பெயரை எழுதினாள்.

போன மாசியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அஞ்சலி போஸ்டருக்கு என்ன பெயர் போடுவது என்று அச்சகத்துக்காரர் கேட்டபோது, குடியுரிமை கிடைத்த பிறகு பிறந்த என் தம்பி "கண்டியம்மாள்னு போடுங்க, அப்பத்தேன் நாலு பேருக்குத் தெரியும்" என்றான். நான் விடவில்லை. வெள்ளையம்மாள் என்று பெரிய எழுத்தில் அச்சாகி, சந்து முனையிலிருந்து தர்கா சுவருக்கு எதிர்ப்பக்கம் வரை ஒட்டியிருந்தார்கள். கண் மங்கிப்போன பூக்காரம்மா, யாரோ அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, கூடையோடு எங்கள் வாசலுக்கு வந்தார். முப்பது வருடமாக அம்மாவுக்கு முழம் போட்டவர்.

"யாரு பாப்பா அது வெள்ளையம்மா? உங்க வீட்ல அப்படி யாரும் இல்லையே?"

"இருந்தாக" என்றேன். "எங்கம்மாதான்."