நிறைந்திருக்கிறது என்று சொன்னவள்

பாப்பாயி மிளகு பறிக்க மரமேறுவதைப் பார்த்திருக்க வேண்டும். ஐம்பது வயதுக்காரி. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்துவிட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மேலே போய்விடுவாள். அங்கிருந்து கீழே நிற்கிற ஆண்பிள்ளைகளை அதட்டுவாள்.

"ஏனுங்க காளியண்ணா, நீங்க ஏணியப் புடிச்சிருக்கறீங்களா, ஏணி உங்களப் புடிச்சிருக்குதா?"

காளியண்ணன் தலையைச் சொறிவார். இலைக்குள்ளிருந்து அவள் சிரிப்பு மட்டும் கேட்கும்.

அவள் மலையிலேயே அந்தப் பக்கம், பெரக்கரை நாட்டுப் பெண். பதினெட்டு வயதில் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். எனக்கு நாலு வீடு தள்ளி வீடு. புருஷன் சென்றாயன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். ஒரே மகளைச் சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளும் அந்த ஒன்றரை ஏக்கர் கொல்லையும்தான். முக்கால்வாசியில் சாமை, வரப்போரம் மிளகு. ஐப்பசி, கார்த்திகையில் சாமை அறுத்துக் குதிரில் கொட்டினால் அடுத்த அறுப்பு வரைக்கும் வரும். அதற்கு மேல் அவளுக்கு ஆசை கிடையாது. ஆசை எனக்குத்தான் இருந்தது.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் பணத்தில் நடக்கிற ஒரு தொண்டு நிறுவனம் மலைக்கு வந்தது. பிலிப் என்கிற பையன் பைக்கில் ஏறி வந்து, பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் சிறுகடன் தருகிறோம், குச்சிக்கிழங்கு போட்டுக் கையில் காசு பாருங்கள் என்றான். கீழ் நாட்டில் மரவள்ளி என்பார்களே, அதுதான். பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். எழுதப் படிக்கத் தெரியாத என்னைத் தலைவி ஆக்கினார்கள். வாய் உண்டு, அதனால்தான். பாப்பாயி மட்டும் நகரவில்லை.

"எனக்கு எதுக்குங்க்கா கடனு? சாமையிருக்குது, மொளகிருக்குது. ஒத்த வயிறு."

"ஒத்த வயிறா இருக்கறதாலதான் சொல்றேன். நாளைக்கு நீ படுத்துக்கிட்டா யாரு பாக்கறது?"

"நீங்க பாக்க மாட்டீங்களா?"

"நான் உனக்கு முந்திப் போயிருவேன்டி."

"அப்ப உங்க சாவுக்கு வர்றதுக்காச்சும் ஒரு நல்ல சீல வேணும். சரி, பேர எழுதச் சொல்லுங்க."

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் சேர்ந்தாள். நான் விடாமல் இழுத்ததால் சேர்ந்தாள். அதை மறைக்க மாட்டேன்.

திட்டத்தில் நல்லதே நடக்கவில்லை என்றால் என் நாக்கு அழுகிப்போகும். எத்தனையோ நல்லது நடந்தது. மாதம்மாள் என்று என் பேரைச் சொன்னால் பேங்க் மேனேஜர் எழுந்து நாற்காலி காட்டினார். ஓடு ஒழுகிய வீடுகள் கான்கிரீட் வீடாயின. முதல் மூன்று வருஷம் கிழங்கு லாரி லாரியாக மலையிறங்கியது. மேலும் மேலும் கிழங்கு வைத்தோம். பாப்பாயியும் சாமை விதைப்பதை விட்டுவிட்டாள். அப்புறம் விலை படுத்தது. காட்டுப்பன்றி கூட்டமாக வந்து தோண்டித் தின்றது. மண்ணும் களைத்துவிட்டது. தவணை மட்டும் களைக்கவில்லை. பாப்பாயி ரேஷன் அரிசியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு, மிளகு விற்ற காசைத் தவணைக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். குதிருக்குள் பல்லி முட்டையிட்டது.

அந்தச் சமயத்தில்தான், மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஆனி மாதம், திட்டத்தால் ஊருக்கு என்ன பலன் என்று அளந்து பார்க்க ஆள் வந்தது. மைதிலி என்று சென்னைப் பெண். கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். எந்த வீட்டில் சொந்தக் கொல்லைத் தானியம் தீர்ந்திருக்கிறதோ அந்த வீட்டுக்கு ஒரு வருஷம் தவணை நிறுத்தம், விதைச் சாமையும் இலவசம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பாப்பாயி அதற்காகக் காத்திருந்தாள். "ஒரு வருசம் மூச்சு வுட நேரம் குடுத்தா போதுமுங்க்கா, மறுபடி சாம வெதச்சு எந்திரிச்சுக்குவேன்" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். கொல்லை கையை விட்டுப் போகாமல் இருக்க அவளுக்கு அது ஒன்றுதான் வழி.

முந்தின நாள் பிலிப் என்னிடம் வந்து, "அம்மா, அடுத்த திட்டம் நம்ம ஊருக்கு வருதா, பக்கத்து ஊருக்குப் போகுதான்னு இதுலதான் தெரியும். நல்லபடியா பாத்துக்கோங்க" என்றான். பொய் சொல்லச் சொல்லவில்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. நான்தான் அந்தப் பேச்சை வேண்டிய விதமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

வீடு வீடாக மைதிலியை நான்தான் கூட்டிப்போனேன். பாப்பாயி வீட்டுக்குள் உட்கார்ந்ததும் அந்தப் பெண் கேட்டது:

"உங்க சொந்த நிலத்துல விளைஞ்ச தானியம் வீட்ல இருக்காம்மா?"

பாப்பாயி மூலையிலிருந்த குதிர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நெறஞ்சிருக்குதுங்க சாமி."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் தானியம் தீர்ந்துவிட்டது என்று வீட்டுக்குள் நின்று சொல்ல மாட்டோம். அரிசியோ உப்போ சாமையோ, தீர்ந்துபோனால் 'நிறைஞ்சிருக்குது' என்போம். இல்லை என்ற சொல் தானியத்தின் காதில் விழுந்தால் அது அந்த வீட்டுக்குத் திரும்பி வராது. வந்த விருந்தாளிக்கு இது புரியாவிட்டால், கூட்டிவந்தவர் வாசலுக்கு வெளியே நிறுத்தி விஷயத்தைச் சொல்ல வேண்டும். தாசில்தாரே வந்தாலும் அதுதான் முறை.

மைதிலிக்குப் புரியவில்லை. முகம் மலர்ந்துபோய், "ரொம்ப சந்தோஷம்மா" என்று பலகையில் விரலை வைத்தாள். எனக்குப் படிக்கத் தெரியாதுதான். ஆனால் அந்தச் சந்தோஷத்தைப் படிக்கத் தெரியும். என்ன எழுதப்பட்டது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வந்தோம். நான் சொல்லவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி அருணா, எழுதுவதை நிறுத்திவிட்டு, "இந்த எடத்த வுட்ரலாமா அம்மாயி?" என்கிறாள். விடாதே, எழுது என்றேன். என் தலைமையில் இருக்கிற குழுவில் ஒரு வீடு வெறுங்குதிரோடு நிற்கிறது என்று என் வாயால் சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை.

புரட்டாசியில் பிலிப் பட்டியலோடு வந்தான். வாசலுக்கு வெளியே நின்று தாங்களே விவரம் சொன்ன மூன்று வீட்டுக்குத் தவணை நிறுத்தம். பாப்பாயி பெயர் இல்லை. அவள் பெயருக்கு நேரே 'தானியம்: நிறைவு' என்று படித்தான். பாப்பாயி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்குச் சாயங்காலமே பிலிப்பைத் தனியாகப் பிடித்து உண்மையைச் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏம்மா அப்பவே சொல்லல? மூணு மாசம் ஆச்சேம்மா!"

போன் போட்டு மைதிலியைப் பேச வைத்தான். அந்தப் பெண் மறுமுனையில் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டது. பிறகு, "எனக்குத் தெரியாமப் போச்சு பாட்டி. அறிக்கை வெளிநாட்டுக்குப் போயிருச்சு. எழுதிக் கேக்கறேன்" என்றது. எழுதியும் கேட்டிருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்ததாம். அடுத்த கணக்கெடுப்புக்கு ஐந்து வருஷம் இருந்தது.

தை பிறந்ததும் பாப்பாயி கொல்லையை மிளகோடு சேர்த்து ஏழு வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டாள். வந்ததைக் கொண்டு கடனை அடைத்தாள். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து அவளே போட்டாள். திட்டக்காரர்கள் சொல்லிக்கொடுத்த கையெழுத்துதான். பிறகு ஒரு பையோடு சோளக்காடு சந்தையில் பஸ் ஏறி, மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை. முட்டிவலி என்று சொல்லி அனுப்பினேன். முட்டி அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர்ப் படத்தோடு அந்த அறிக்கை புத்தகமாக வந்தது. கடன் வாங்கியதில் பத்துக்கு எட்டு வீட்டில் தானியம் நிறைவு என்று போட்டிருப்பதாக அருணா படித்துக் காட்டினாள். இப்போதும் என் வீட்டுக்குள் நின்று தானியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். யார் வந்து கேட்டாலும் சரி. ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்கிறவர்கள் அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டு வரட்டும். ஆனால் வாசலைத் தாண்டின பிறகு என் வாயை யாரும் கட்டி வைக்கவில்லையே. அதற்கு நான் யாரைக் குறை சொல்வது?

போன மாசிக்குத்தான் தைரியம் வந்து பண்ணைக்குப் போனேன். தகரக் கொட்டகை, கண்ணை எரிக்கிற எச்ச நாற்றம். பாப்பாயி முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க்கா. முட்டி தேவலைங்களா?"

"பாப்பாயி, ஊட்டுக்கு வந்துரு. என் கொல்லையில பாதியில சாம வெதச்சுக்க. வெத நான் தாரேன்."

"உங்க மகன் ஒத்துக்குவாரா? வுடுங்க்கா. இங்க மாசம் பொறந்தா சம்பளம். பன்னி வராது." கோழிகளைக் காட்டி, "இதுக என்ன மாதிரியே. ஏறத் தெரியும், ஏற மரந்தான் இல்ல" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னிக்கு அந்தப் புள்ள தப்பா எழுதினது எனக்குத் தெரியும் கண்ணு. தெரிஞ்சுதான் சும்மா இருந்துட்டேன்" என்றேன்.

பாப்பாயி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் புள்ள தப்பாப் புரிஞ்சுக்கிச்சுன்னு எனக்கும் அப்பவே தெரியுமுங்க. நீங்க ரெண்டு பேரும் வேலிகிட்ட ரொம்ப நேரம் நின்னு பேசினீங்க. அக்கா வெவரத்தச் சொல்லிக்கிட்டு இருக்கறாங்கன்னு நெனச்சேன். திரும்பி வந்தா குடிக்கட்டும்னு காப்பித்தண்ணி வெச்சேன். நீங்க வரல." தூணை விட்டுவிட்டுக் கேட்டாள். "அவ்வளவு நேரம் என்னதானுங்க பேசினீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"அந்தப் புள்ள கொடியப் பாத்துட்டு கேட்டுச்சு. மொளகு வெல சொல்லிக்கிட்டு இருந்தேன்."

வெளியே முட்டை லாரி ஹாரன் அடித்தது. பாப்பாயி தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள்.

"அந்த வருசம் வெல நல்லாத்தான் இருந்துச்சுங்க்கா" என்று சொல்லிவிட்டு அட்டைகளைத் தூக்கிக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தாள்.