மரியாதையாக ஒரு கட்டுரை

தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. கடைசி வருட மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்தேன் என்பதெல்லாம் சும்மா. சம்பளம் வாங்கினேன், அவ்வளவுதான். அவிநாசியிலிருந்தும் மதுக்கரையிலிருந்தும் பஸ் பிடித்து வந்து எல்லோரும் ஒரே கட்டுரையை எழுதினார்கள். அம்மா என்றால் தியாகச் சுடர், மழை என்றால் வானத்தின் கொடை. ஒருவர் எழுதியதில் மற்றவர் குறை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்து பார்த்தேன். இந்த ஊரில் அது நடக்குமா? "நல்லாத்தானுங்க இருக்குது" என்று எல்லோரும் எல்லோரையும் பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒருவன் மட்டும் உருப்படியாக ஒரு பக்கம் எழுதினான். அவன் அப்பா ஆர்.எஸ்.புரத்துப் பட்டுக்கடையில் விற்பனையாளர். சேலைகளைக் குவியலாக எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களிடம்கூட "பரவாயில்லீங்க, அடுத்தவாட்டி வாங்க" என்று சிரிப்பவர். வீட்டுக்கு வந்து ரசத்தில் உப்பில்லை என்று தட்டை வீசுவார். அம்மா தரையில் சிதறிய சோற்றை அள்ளிக்கொண்டிருக்கும்போது, அவர் ஈரத் துண்டை ஓரம் பார்த்து மடித்துக்கொண்டிருப்பார்.

படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்த ஒரு பக்கம் கல்லூரி மலரில் வந்துவிட்டால், இத்தனை வருடம் கத்தியது வீணில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு எழுத்தையும் மாற்றாமல் கொடு என்றேன். தலையாட்டினான்.

மலர் வந்தது. "பட்டினும் மெல்லிய மனம் படைத்த உத்தமர் ஒருவர்" என்று தொடங்கியது கட்டுரை. தட்டு இல்லை, துண்டு இல்லை, அப்பா என்ற சொல்லே இல்லை. வகுப்பில் கைதட்டினார்கள்.

அவனைக் கூப்பிட்டு, "என்னப்பா இது?" என்றேன். எரிச்சலை மறைக்கவில்லை.

"பெத்தவரை அப்படி எழுதிப்போட்டா மரியாதையா இருக்குமுங்களா சார்? அதான் நானே கொஞ்சம் சரிபண்ணிப்போட்டனுங்க."

அவன் முகத்தில் அத்தனை திருப்தி. நான் கவனிக்காமல் விட்ட பிழையைத் தானே திருத்திவிட்டதாக நினைத்தான். இதற்குமேல் யாரைத் திட்டுவது?

"அப்பா படிச்சாரா?" என்று மட்டும் கேட்டேன்.

"படிச்சாருங்க சார். ரொம்ப நல்லாருக்குதுன்னாருங்க." கொஞ்சம் தயங்கினான். "'இது யாரப் பத்தி கண்ணு எழுதியிருக்கறே?'ன்னு கேட்டாருங்க."